வரவு நெல்லில், கடன் ரூபாயில்: 1930களில் இலஞ்சி வட்டாரக் குடும்பக் கணக்கு

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, குற்றால மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றுப் பாசனத்தில் செழித்த ஊர் இலஞ்சி. இலஞ்சி என்னும் சொல்லுக்கு நீர்நிலை என்றும் மகிழமரம் என்றும் நிகண்டுகள் பொருள் கூறும். குமரன் கோயிலும் குளங்களும் வயல்களும் சூழ்ந்த இவ்வூருக்கு இரு பொருளும் பொருந்தும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் சாரல் இறங்கும்போது கார் நெல் நடவாகும். புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை முடிந்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம் நடவாகும். மாசி, பங்குனியில் களத்துக்கு வரும். இரு போகம் என்பது இரு முறை வரவு என்பதாகும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வட்டாரத்து வேளாண் குடும்பம் ஒன்றின் நிதியாண்டு இவ்வாறுதான் அமைந்திருந்தது: வரவு ஆண்டுக்கு இருமுறை, செலவு ஆண்டு முழுவதும்.

இந்த இடைவெளியை நிரப்பியது கடன். விதைக்கும் உழவு மாட்டுக்கும் கைமாற்று. பெண்ணின் திருமணத்துக்குப் புரோநோட்டு. அதற்கும் மேற்பட்ட தொகைக்கு நிலத்தின் மேல் ஈடு அல்லது ஒத்தி. ஒத்தியில் நிலத்தின் விளைச்சலை அனுபவிப்பதே கடன் கொடுத்தவருக்கு வட்டி. ஈட்டில் நிலம் உடையவர் கையிலேயே இருக்கும், வட்டி மட்டும் ரொக்கமாகச் செல்லும். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் நேர்ந்தவை அனைத்தும் இதனோடு தொடர்புடையன. கடனுக்குக் காரணம் ஆடம்பரமே என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் எழுதினர். திருமணச் செலவும் சடங்குச் செலவும் மிகுந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அரசுக்குச் செலுத்தும் கிஸ்தி ரொக்கமாகவே கேட்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் அறுவடையை ஒட்டியே கேட்கப்பட்டது. எல்லார் களத்திலும் நெல் குவிந்து விலை தாழ்ந்திருக்கும் அந்நாளில் விற்றுக் கிஸ்தி கட்டியவர், பத்தாயம் காலியான பின் கூடுதல் விலைக்கு நெல் வாங்க வேண்டியவரானார். சிக்கனமான குடும்பமும் இதற்கு விலக்கன்று.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அச்செய்தி சிற்றாற்றங்கரையில் எவருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஆனால் அதைத் தொடர்ந்த உலகப் பெருமந்தம் விளைபொருள்களின் விலையை எங்கும் வீழ்த்தியது. பர்மா அரிசிக்கு வெளிநாட்டில் கிராக்கி குறைந்தபோது அது மலிவாகச் சென்னை மாகாணத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. 1930க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளுக்குள் இம்மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று.

விலை பாதியானால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒருவர் 1926இல் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கியதாகவும், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றும், அன்று ஒரு கோட்டை நெல் எட்டு ரூபாய்க்கு விற்றதாகவும் கொள்வோம். ஆண்டு வட்டி 120 ரூபாய்; அதாவது 15 கோட்டை நெல். முதல் 125 கோட்டை நெல். விலை நான்கு ரூபாயாக இறங்கிய அன்று வட்டி 30 கோட்டையாகிவிடும். முதல் 250 கோட்டையாகிவிடும். அவர் ஒரு காசுகூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. வயலில் மகசூலும் குறையவில்லை. ஆயினும் கடன் இரு மடங்காகிவிட்டது. ஈடு வைத்தவர் இவ்வாறு நசுங்கினார். ஒத்தி வைத்தவர் நிலையோ வேறு. ஒத்திக்காரர் நெல்லையே அனுபவித்தமையால் வட்டி உயரவில்லை. மீட்பதற்கான ரொக்கம் மட்டும் எட்டாத தொலைவுக்குச் சென்றது.

இது தென்காசி வட்டாரத்துக்கு மட்டும் உரிய கதையன்று. வந்தவாசி, செய்யாறு, போளூர், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வேளாண்மையே தொழிலாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்களின் முன்னோர் அதே ஆண்டுகளில் நிலக்கடலையை நம்பியிருந்தனர். வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் அக்காலத்தில் ஐரோப்பியச் சந்தைக்கு நிலக்கடலை அனுப்பிய மாவட்டங்கள். நெல்லையாவது விற்காவிட்டால் உண்ணலாம். கடலையை விற்றே தீரவேண்டும். அதன் விலை வீழ்ச்சி நெல்லினும் கடுமையாக இருந்தது. பழைய பெட்டிகளில் முப்பதுகளின் பத்திரங்களை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றின் தேதிகளை இக்கண்கொண்டு நோக்கினால், பாட்டனார் ஏன் அந்த ஆண்டில் அந்தக் காணியை விற்றார் என்பது விளங்கக்கூடும்.

இங்கு ஒரு பழஞ்செய்தி நினைவுக்கு வருகிறது. கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை, பலிசை என்னும் சொற்கள் வழங்குகின்றன. பொலி என்பது களத்தில் தூற்றிக் குவித்த நெல். அக்கால அறக்கட்டளைகளில் பொன்னாகக் கொடுத்த முதலுக்கும் நெல்லாகவோ நெய்யாகவோ பொலிசை அளப்பது பெருவழக்கு. நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறித்தனர். ஆட்டைப் பெற்றவர் நாள்தோறும் அளந்த அளவு நெய் தரவேண்டும். ஆட்டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நெய்யின் அளவு மாறாது. வரவும் கடமையும் ஒரே அளவையில் இருந்தன. பிரிட்டிஷ் ஆட்சியில் வரி, வட்டி, நீதிமன்றத் தீர்ப்பு மூன்றும் ரூபாய்க்கு மாறின. வயல் மட்டும் நெல்லையே விளைவித்துக்கொண்டிருந்தது.

சமண இல்லறத்தாரின் அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையை விளக்கும் நூல்களும் உடைமையை இனம் இனமாகவே எண்ணச் சொல்கின்றன: நிலமும் மனையும் இவ்வளவு, பொன்னும் வெள்ளியும் இவ்வளவு, தானியம் இவ்வளவு, கலங்கள் இவ்வளவு என்று. ஆசைக்கு எல்லை கட்டுவதே அவ்விரதத்தின் நோக்கம் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் அவ்வாறு எண்ணும் பழக்கத்துக்குக் கணக்கியல் பயன் ஒன்றும் உண்டு. முப்பதுகளில் அப்படி எண்ணிப் பார்த்த குடும்பம், தன் நிலமும் தானியமும் பொன்னும் குறையவில்லை, ரூபாய்க் கடன் ஒன்றே வளர்கிறது என்பதை உடனே கண்டிருக்கும்.

கண்டவர் என்ன செய்திருக்கலாம்? விடை பொன்னில் இருந்தது. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தன் நாணயத்தைப் பொன்னின் பிணைப்பிலிருந்து விடுவித்தது. ரூபாய் ஸ்டெர்லிங்கோடு கட்டுண்டிருந்தமையால் ரூபாயில் பொன்னின் விலை உயர்ந்தது. அதுவரை தோலா 21, 22 ரூபாய் அளவில் இருந்த பொன், சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டியது. நெல் பாதியாகவும் பொன் ஒன்றரை மடங்காகவும் ஆன காலம் அது. நாடெங்கும் பெண்களின் கழுத்திலும் கையிலும் இருந்த நகைகள் உருக்கப்பட்டுக் கப்பல் ஏறின. இந்தியாவின் பொன் வறுமையினால் வெளியேறுகிறது என்று தேசியத் தலைவர்கள் கண்டித்தனர். அரசோ அதைத் தடுக்கவில்லை. நாட்டுக்கு அது இழப்பு என்பதில் ஐயமில்லை. குடும்பக் கணக்கை மட்டும் நோக்கினால், 1932, 1933இல் நகையை விற்று ஈட்டுக் கடனைத் தீர்த்தவர் நிலத்தைக் காத்துக்கொண்டார். நகையை விற்பது மானக்கேடு என்று கருதி அதையே அடகு வைத்து வட்டி கட்டியவர், பொன்னையும் இழந்து நிலத்தையும் இழக்கும் நிலைக்கு வந்தார். அந்த மானத்தின் விலையை யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாகாணம் முழுவதற்குமான தொகைகள் கிடைக்கின்றன. 1895இல் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணக் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரைஃபைசன் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்பது அவர் அறிக்கையின் சாரம். அதன் பயனாகவே 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது; அவ்வாண்டிலேயே திரூரில் தமிழகத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் தோன்றியது. 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு கடனை 150 கோடி என்றது. 1935இல் டபிள்யூ.ஆர்.எஸ். சத்தியநாதன் அளித்த அறிக்கை 204 கோடி என்றது. மந்த காலத்தில் கடன் கொடுப்பார் குறைவு. எனவே ஐந்தாண்டில் கூடிய 54 கோடியில் பெரும்பகுதி புதிதாக வாங்கியதன்று. கட்டாமல் நின்று முதலோடு சேர்ந்த வட்டி என்றே கொள்ளவேண்டும்.

1937 ஜூலையில் இராஜாஜி முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு மார்ச் 22 அன்று சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1938ஆம் ஆண்டின் நான்காம் சட்டம். (ரசிகமணி டி.கே.சி.யின் குற்றால இல்லத்துக்கு விருந்தினராக வரும் வழக்கமுடையவர் இராஜாஜி. கம்பன் பேசப்பட்ட அந்த முற்றத்துக்கு அப்பால், சாரலில் நனைந்த வயல்களின் பத்திரங்கள் எல்லாவற்றையும் அவர் கையெழுத்து தொட்டது என்பது இவ்வட்டாரத்தாருக்குச் சுவையான செய்தி.)

சட்டத்தின் உள்ளடக்கம் எளியது, துணிவானது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. முதல் மட்டுமே செலுத்தத் தக்கது. அதுவரை செலுத்திய தொகை, முதலாயினும் வட்டியாயினும், முதலைப் போல் இரு மடங்கு ஆகியிருந்தால் கடனே தீர்ந்ததாகும். இரு மடங்குக்குக் குறைந்திருந்தால், குறையும் தொகை, முதல் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதை மட்டும் செலுத்தினால் போதும். 1932க்குப் பிற்பட்ட கடனுக்கு, சட்டம் வந்த நாள் வரை வட்டி ஐந்து விழுக்காட்டுக்கு மிகாது. வட்டி முதலை மிஞ்சலாகாது என்னும் பழைய இந்து தர்ம விதியின் சாயல் இதில் தெரிகிறது.

முன் சொன்ன ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு இதைப் பொருத்துவோம். ஐந்தாண்டு ஒழுங்காக வட்டி கட்டி, 1931 முதல் ஆறாண்டு கட்ட இயலாதவர் கணக்கில் 720 ரூபாய் நிலுவை வட்டி இருந்திருக்கும். அது முழுவதும் நீங்கி ஆயிரம் மட்டும் நின்றது. அதே கடனை 1918இல் வாங்கிப் பதினான்கு ஆண்டு வட்டி கட்டியவர் 1,680 ரூபாய் செலுத்தியிருப்பார். இரண்டாயிரத்துக்குக் குறைவு 320. அவர் 320 ரூபாயோடு விடுபட்டார். ஒழுங்காகக் கட்டியவரைச் சட்டம் தண்டித்தது என்று அன்று எழுந்த குறையில் பாதிதான் உண்மை. நெடுங்காலம் கட்டியவரின் வட்டி கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஆயினும் மனைவியின் நகையை விற்று 1933இலேயே கடனை முழுமையாகத் தீர்த்தவருக்கு ஒன்றும் திரும்பவில்லை. பக்கத்து வயல்காரர் கட்டாமலே இருந்து வட்டித் தள்ளுபடி பெற்றதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்விருவருள் எவர் நெறியில் நின்றவர் என்பதைச் சட்டம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் இயலாது.

கடன் கொடுத்தவர் என்றால் பெருந்தனக்காரர் என்று எண்ணுவது வழக்கம். ஊர்களில் உண்மை நிலை வேறு. கணவனை இழந்த பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆண்மகவு இல்லாத முதியோர் ஆகியோரின் சேமிப்பு வங்கியில் இருந்ததில்லை; உறவினர் அல்லது அண்டை வீட்டாரின் புரோநோட்டில் இருந்தது. அதன் வட்டியே அவர்களின் அரிசி, பருப்பு. வங்கியை ஏன் நாடவில்லை என்று இன்று கேட்கலாம். 1906 அக்டோபரில் சென்னை ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, நடுத்தரக் குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு அழிந்ததை அத்தலைமுறை மறக்கவில்லை. அந்த வீழ்ச்சியின் பின்விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது என்றாலும், கண்ணால் காணத்தக்க வயலும் முகம் தெரிந்த ஆளும் தரும் நம்பிக்கை வேறுதான்.

சட்டம் இயற்றியவர்கள் இதனை அறியாதவர் அல்லர். வேறு சொத்து இல்லாத பெண்ணுக்கு வரவேண்டிய கடன், அதன் முதல் மூவாயிரம் ரூபாய்க்கு மேற்படாதாயின், அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கப்பட்டது. விதவையின் புரோநோட்டைக் காத்த பிரிவு அது. ஆனால் வேறு சொத்து இல்லாத என்னும் தொடரில் சிக்கல் இருந்தது. கால் காணி நிலமோ சிறு வீடோ தன் பெயரில் உள்ள பெண் அந்த விலக்கைக் கோர முடியாது. முதிய ஆணுக்கோ எவ்வித விலக்கும் இல்லை. அச்சட்டம் நீதியானது என்பதே நடுநிலையாக நோக்குவார் முடிவாக இருத்தல் கூடும். வட்டி தின்ற நிலங்களை அது மீட்டது. அதன் சுமையில் ஒரு பகுதி சுமக்கத் தகாத தோள்களில் விழுந்தது என்பதும் அதே அளவு உண்மை.

கடன் கொடுத்தோர் நீதிமன்றம் சென்றனர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி புரோநோட்டு மத்திய அதிகாரப் பட்டியலில் உள்ளது. மாகாணச் சட்டமன்றம் அதில் கை வைக்கலாமா என்பது அவர்களின் வாதம். சுப்பிரமணியன் செட்டியார், முத்துசாமிக் கவுண்டன் வழக்கில் 1940இல் கூட்டாட்சி நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. அரசியலமைப்புச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் வழக்கு அது. அதன் மூலம் ஒரு குடும்பத்தின் கைச்சாத்துச் சீட்டு என்பதை நினைவில் கொள்வோர் சிலரே.

பர்மாவில் கடன் கொடுத்திருந்த நகரத்தார் நிலையையும் இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே நிவாரணச் சட்டம் காலத்தில் வரவில்லை. ஈட்டு நிலங்கள் மூழ்கின. கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு விழுக்காடு நிலம் அவர்கள் கையில் இருந்தது, 1937இல் 25 விழுக்காடாயிற்று. அவர்கள் நாடியது நிலத்தையன்று, பணத்தை. அந்நிலமும் பர்மியரின் பகையைத் தேடித் தந்து, 1942இல் ஜப்பானியர் படையெடுப்போடு கைவிட்டுப் போயிற்று. கடனாளி முழுவதும் நசுங்குவது கடன் கொடுத்தவருக்கும் நன்மையாகவில்லை.

இலஞ்சி வட்டாரத்தில் 1938 வேறொரு காரணத்தாலும் கடினமான ஆண்டு. ஊருக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாணச் சட்டம் அவ்வெல்லையோடு நின்றது. ஆனால் பெண் கொடுத்தலும் கொள்ளலும், கடன் கொடுத்தலும் வாங்கலும் எல்லையைப் பாராமல் நடந்தன. 1904இல் கொல்லம் வரை ரயில் பாதை திறந்த பின் வணிகமும் மேற்கு நோக்கியே வளர்ந்திருந்தது. சட்டம் வந்து மூன்று மாதங்கள் ஆகுமுன், 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி பணம் தருவதை நிறுத்தியது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்று அது. முந்தைய ஆண்டில்தான் இரு வங்கிகள் இணைந்து உருவாகியிருந்தது. புரோநோட்டை நம்பியவருக்கு மார்ச்சில் ஓர் அடி. வங்கியை நம்பியவருக்கு ஜூனில் ஓர் அடி. அன்று வைப்புத்தொகைக்குக் காப்பீடு இல்லை. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கியும் வீழ்ந்த பின்பே, 1962 ஜனவரி 1 முதல் அக்காப்பீடு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை, இன்று ஐந்து லட்சம் வரை.

பிறகு போர் வந்தது. நெல் விலை ஏறியது. முன் சொன்ன கணக்கு தலைகீழாகத் திரும்பியது. ரூபாய்க் கடன் அப்படியே நிற்க, அதைத் தீர்க்கப் போதிய நெல்லின் அளவு சுருங்கியது. 1945இல் பி.வி. நாராயணசாமி நாயுடு நடத்திய ஆய்வின்படி மாகாணக் கிராமக் கடன் 1939இல் ஏறத்தாழ 272 கோடியாக இருந்து, 1945இல் ஏறத்தாழ 218 கோடியாகக் குறைந்தது. சட்டம் செய்ததையும் விலை செய்ததையும் பிரித்தறிவது கடினம். பெருநிலக்காரரும் நடுத்தர உழவரும் இக்காலத்தில் கடனை அடைத்து மீண்டனர்.

அதே ஆய்வு வேறொன்றையும் பதிவு செய்தது. நிலமற்ற கூலி உழைப்பாளரின் கடன் மட்டும் அப்போரின்போது கூடியிருந்தது. விற்க நெல் இல்லாதவருக்கு விலையேற்றம் வரவாகவில்லை, செலவாகவே வந்தது. 1938 சட்டத்தின் வரையறையிலும் விவசாயி என்பவர் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உடையவர். சிற்றாற்று வயல்களில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.